எந்த ஐபீஸ் வாங்குவது? தொலைநோக்கிக்குப் புதியவர்களுக்கு

தொலைநோக்கி கைக்கு வந்த புதிதில் எல்லோரையும் ஓர் ஆசை பிடிக்கும்: இன்னும் பெரிதாகப் பார்க்க வேண்டும். என்னையும் பிடித்தது. பெட்டியோடு வந்த 25 மி.மீ., 10 மி.மீ. ஐபீஸ்கள் போதாதென்று முடிவு செய்து, யாரையும் கேட்காமல் 4 மி.மீ. ஐபீஸ் ஒன்றை வாங்கினேன். அதில் வியாழன் பெரிதாகத்தான் தெரிந்தது. ஆனால் ஓடுகிற தண்ணீருக்கு அடியில் கிடக்கும் காசு மாதிரி நெளிந்தது, மங்கியும் இருந்தது. கண் வைக்கும் துளை குண்டூசித் தலையைவிடச் சற்றுப் பெரிது, அவ்வளவுதான். ஒட்டிப் பார்த்தால் இமைமுடி கண்ணாடியில் பட்டது. நான்கைந்து இரவுகளோடு அது பெட்டிக்குள் போய்விட்டது.

ஐபீஸ் என்பது கண்ணை வைத்துப் பார்க்கும் பக்கத்தில் செருகுகிற சின்னக் குழல். பாடப்புத்தகத்தில் கண்ணருகு லென்ஸ் என்று படித்திருப்பீர்கள். முன்னால் இருக்கும் பெரிய லென்ஸோ குழியாடியோ ஒளியைச் சேர்த்து ஒரு சிறு பிம்பத்தை உண்டாக்குகிறது. அந்தப் பிம்பத்தைப் பார்க்க உதவும் பூதக்கண்ணாடிதான் ஐபீஸ். பிம்பத்தில் இல்லாத விவரத்தை அதனால் கொண்டுவர முடியாது. இதைப் புரிந்துகொண்டிருந்தால் நான் அந்த 4 மி.மீ.யை வாங்கியிருக்க மாட்டேன்.

முதலில் தொலைநோக்கியைப் படியுங்கள்

கடைக்குப் போவதற்கு முன் தொலைநோக்கியின் குழல்மேல் ஒட்டியிருக்கும் சீட்டைப் பாருங்கள். இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று முன்புற லென்ஸ் அல்லது ஆடியின் விட்டம், இன்னொன்று குவியத் தூரம். 130 மி.மீ. விட்டம், 650 மி.மீ. குவியத் தூரம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் 5. இதை எஃப்/5 என்பார்கள். இந்த மூன்றாவது எண்ணை மறக்காதீர்கள், பிறகு அடிக்கடி தேவைப்படும்.

ஐபீஸின் மேல் எழுதியிருக்கும் மி.மீ. அதன் குவியத் தூரம். தொலைநோக்கியின் குவியத் தூரத்தை ஐபீஸின் குவியத் தூரத்தால் வகுத்தால் கிடைப்பது உருப்பெருக்கம். 650 மி.மீ. தொலைநோக்கியில் 25 மி.மீ. போட்டால் 26 மடங்கு; 10 மி.மீ. போட்டால் 65 மடங்கு. எண் சிறியதானால் பெருக்கம் கூடும். அதே 10 மி.மீ.யை 2000 மி.மீ. தொலைநோக்கியில் போட்டால் 200 மடங்கு வந்துவிடும். ஒருவருக்கு அற்புதமாக இருக்கும் ஐபீஸ் இன்னொருவரிடம் சும்மா கிடப்பது இதனால்தான். யாரிடமாவது ஆலோசனை கேட்டால் உங்கள் தொலைநோக்கியின் இரண்டு எண்களையும் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

அப்படியே ஃபோகஸரின், அதாவது ஐபீஸைச் செருகித் திருகிக் காட்சியைக் கூர்மையாக்கும் பகுதியின், வாயையும் அளந்துவிடுங்கள். இன்று பரவலாக இருப்பது 1.25 அங்குலம், அதாவது 31.7 மி.மீ. சற்றுப் பெரிய கருவிகளில் 2 அங்குல வாய் இருக்கும்; அதனுடன் வரும் அடாப்டரைப் போட்டு 1.25 அங்குல ஐபீஸ்களையும் செருகலாம். பழைய சிறு தொலைநோக்கிகளில் 0.965 அங்குலம், சுமார் 24.5 மி.மீ. வாய் இருந்தது. அந்த அளவில் நல்ல ஐபீஸ் கிடைப்பது அபூர்வம்.

மேலே எவ்வளவு, கீழே எவ்வளவு

விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து இரண்டால் பெருக்குங்கள். ஏறக்குறைய அதுதான் உங்கள் கருவி தாங்கும் உச்சப் பெருக்கம். 70 மி.மீ. கருவிக்கு 140, 130 மி.மீ. கருவிக்கு 260. சிறு தொலைநோக்கியின் பெட்டியில் 500 மடங்கு, 600 மடங்கு என்று பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தால் அது விளம்பரம், நம்ப வேண்டாம். அந்தப் பெருக்கத்தை வரவழைக்கலாம், ஆனால் கண்ணுக்குத் தெரிவது மங்கலான ஒரு தீற்றல்தான்.

கருவி தாங்கினாலும் காற்று தாங்க வேண்டுமே. நம் தலைக்கு மேலே வெப்பக் காற்றும் குளிர்காற்றும் கலந்து புரள்வதால்தான் விண்மீன் மினுக்குகிறது. அந்த மினுக்கத்தையும் சேர்த்துத்தான் ஐபீஸ் பெரிதாக்கும். பல இரவுகளில் 150 மடங்குக்கு மேல் போனால் பயன் குறையும். 200, 250 என்பது காற்று அசையாமல் நிற்கும் நல்ல இரவுகளுக்கு. என் 4 மி.மீ. தோற்றதற்கு இது ஒரு காரணம்.

கீழெல்லையைப் புரிந்துகொள்ள ஒரு சின்னச் சோதனை செய்யலாம். பகலில், சூரியன் இருக்கும் திசைக்கு நேர் எதிர்ப்பக்கம் வெறும் வானத்தை நோக்கித் தொலைநோக்கியைத் திருப்புங்கள். ஐபீஸிலிருந்து ஓரடி தள்ளி நின்று அதைப் பாருங்கள். கண்ணாடிக்குச் சற்று மேலே மிதப்பது போல வெளிச்சமான ஒரு சின்ன வட்டம் தெரியும். தொலைநோக்கி சேர்த்த ஒளி முழுவதும் அந்த வட்டத்தின் வழியாகத்தான் வெளியே வருகிறது. எக்ஸிட் பியூப்பில் என்று சொல்வது இதைத்தான். ஐபீஸின் மி.மீ.யை எஃப் எண்ணால் வகுத்தால் இதன் விட்டம் வரும். எஃப்/5 கருவியில் 25 மி.மீ. போட்டால் 5 மி.மீ. வட்டம், 40 மி.மீ. போட்டால் 8 மி.மீ. வட்டம்.

இருட்டில் இளைஞர்களின் கண்மணி ஏறக்குறைய 7 மி.மீ. வரை விரியும். வயது கூடக்கூட 5 மி.மீ.க்குச் சுருங்குவது சகஜம். 8 மி.மீ. வட்டத்தில் வரும் ஒளியில் ஒரு பகுதி கண்ணுக்குள் போகாமல் வெளியே சிந்திவிடும். ஆகவே எஃப்/5 கருவிக்கு 40 மி.மீ. ஐபீஸ் வீண்.

நான் ஐபீஸ் தேடும்போது பெருக்கத்தைவிட இந்த வட்டத்தின் அளவைத்தான் முதலில் பார்க்கிறேன், ஏனென்றால் எந்தக் கருவியானாலும் இது பொருந்தும். 5 மி.மீ. அளவு வட்டம் பால்வீதியில் உலாவ, பரந்த விண்மீன் கூட்டங்களைப் பார்க்க. 2 முதல் 3 மி.மீ. வரை பெரும்பாலான விண்மீன் மண்டலங்களுக்கும் (கேலக்ஸிகள்) நெபுலாக்களுக்கும் இதம்; பின்னணி வானம் கறுத்து, மங்கலான பொருள் எடுப்பாகத் தெரியும். 1 முதல் 2 மி.மீ. உருண்டையாகத் திரண்ட விண்மீன் கொத்துகளுக்கு. 1 மி.மீ.யும் அதற்குச் சற்றுக் கீழும் கோள்கள், நிலவின் பள்ளங்கள், இரட்டை விண்மீன்கள். அரை மி.மீ.க்குக் கீழே போனால் உங்கள் கண்ணுக்குள் மிதக்கும் தூசு நிழல்களே குறுக்கே ஓட ஆரம்பிக்கும்.

உங்களுக்கு வேண்டிய வட்டத்தை எஃப் எண்ணால் பெருக்குங்கள், ஐபீஸின் மி.மீ. வந்துவிடும். எஃப்/5 கருவியில் 2.5 மி.மீ. வட்டம் வேண்டுமென்றால் 12 அல்லது 13 மி.மீ. ஐபீஸ். எஃப்/10 கருவியில் அதே காட்சிக்கு 25 மி.மீ.

எவ்வளவு வானம் தெரியும்?

ஒரே பெருக்கம் தரும் இரண்டு ஐபீஸ்களில் ஒன்று ஜன்னல் வழியாகப் பார்ப்பது போலவும், இன்னொன்று சாவித் துவாரம் வழியாகப் பார்ப்பது போலவும் இருக்கலாம். இந்த வித்தியாசத்தைச் சொல்வது காட்சிக் கோணம். ப்ளாசல் என்ற சாதாரண நான்கு லென்ஸ் வகை ஐபீஸில் 50 பாகை அளவு. 60, 68, 82, 100 பாகைகளிலும் கிடைக்கின்றன. கோணம் விரிய விரிய விலையும் எடையும் ஏறும்.

காட்சிக் கோணத்தைப் பெருக்கத்தால் வகுத்தால் உண்மையில் எவ்வளவு வானம் தெரியும் என்பது ஏறக்குறைய வந்துவிடும். 50 பாகை ஐபீஸ் 50 மடங்கு தந்தால் ஒரு பாகை வானம். முழுநிலவு அரைப் பாகை அகலம். ஆக, இரண்டு நிலவு அடங்கும். கார்த்திகைக் கூட்டம் சுமார் இரண்டு பாகை பரந்து கிடக்கிறது. அதைச் சுற்றிலும் கொஞ்சம் கறுப்பு வானத்தோடு முழுதாகப் பார்க்க வேண்டுமானால் 30 மடங்கில் 68 பாகை ஐபீஸ் வேண்டும். மாறாக, வியாழன் ஒரு புள்ளி இடத்தில் அடங்கிவிடும். அதற்கு அகலம் எதற்கு என்று கேட்கலாம். மோட்டார் இல்லாமல் கையால் தள்ளும் டாப்சோனியன் வகைத் தொலைநோக்கி வைத்திருப்பவருக்குப் பதில் தெரியும். 200 மடங்கில் 50 பாகை ஐபீஸில் கால் பாகை வானம்தான் இருக்கும். பூமி சுழல்வதால் கோள் ஒரு நிமிடத்தில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குப் போய் மறைந்துவிடும். 82 பாகையில் ஒன்றரை நிமிடத்துக்கு மேல் நிற்கும். பக்கத்தில் குழந்தைகள் வரிசையில் நிற்கும்போது அந்த அரை நிமிடம் பெரிய விஷயம்.

இந்த ஓட்டத்தை வைத்தே உங்கள் ஐபீஸ் உண்மையில் காட்டும் வானத்தை அளக்கலாம். ஓரியனின் இடுப்புப் பட்டையில் மேற்கோரத்தில் இருக்கும் மின்டாகா என்ற விண்மீன் வான நடுக்கோட்டுக்கு, அதாவது பூமத்திய ரேகைக்கு நேர் மேலே வானத்தில் ஓடும் கற்பனைக் கோட்டுக்கு, மிக அருகில் இருக்கிறது. தொலைநோக்கியை அசைக்காமல், அது ஓரத்தில் நுழைந்து நடுவாகப் போய் எதிர் ஓரத்தில் மறையும்வரை கடிகாரத்தைப் பாருங்கள். நான்கு நிமிடம் ஆனால் ஒரு பாகை.

ஒரு விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். 1.25 அங்குலக் குழலுக்குள் அதிகபட்சம் 27 மி.மீ. அகலப் பிம்பம்தான் அடங்கும். 32 மி.மீ. ப்ளாசலே அந்த அகலத்தை முழுதாகப் பயன்படுத்திவிடுகிறது. அதே குழலில் வரும் 40 மி.மீ. ப்ளாசல் பெருக்கத்தைக் குறைக்கும், ஆனால் கூடுதலாக ஒரு துளி வானமும் காட்டாது. காட்சிதான் 43 பாகைக்குச் சுருங்கும். இன்னும் அகலம் வேண்டுமென்றால் 2 அங்குலத்துக்குத்தான் போக வேண்டும். 1200 மி.மீ. தொலைநோக்கியில் 1.25 அங்குல ஐபீஸ் காட்டக்கூடிய உச்சம் 1.3 பாகை, 2 அங்குலம் 2.2 பாகை வரை காட்டும்.

கண்ணுக்கும் கண்ணாடிக்கும் நடுவே

முழு வட்டமும் தெரிய வேண்டுமானால் கண்ணை லென்ஸிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்கலாம் என்பதற்கு ஐ ரிலீஃப் என்று பெயர். ப்ளாசல் வகையில் இது குவியத் தூரத்தின் முக்கால் பங்கு அளவு இருக்கும். 25 மி.மீ.யில் தாராளம். 10 மி.மீ.யில் 7 மி.மீ.தான். 4 மி.மீ.யில் மூன்று மி.மீ.; இமைமுடி படாமல் என்ன செய்யும்? குறைந்த மி.மீ. வேண்டுமானால் ப்ளாசலைத் தவிர்த்துவிட்டு, ஐ ரிலீஃப் 12 மி.மீ.க்கு மேல் இருக்கும்படி வடிவமைத்த வகைகளைத் தேடுங்கள்.

மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் அவசரப்பட வேண்டாம். கிட்டப்பார்வையோ தூரப்பார்வையோ மட்டும் என்றால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஃபோகஸரைத் திருகினால் சரியாகிவிடும். சிதறல் பார்வை, அதாவது கண் மருத்துவரின் சீட்டில் சிலிண்டர் என்று எழுதியிருக்கும் குறை, ஃபோகஸரால் தீராது. அதுவும் எக்ஸிட் பியூப்பில் பெரிதாக இருக்கும்போதுதான் தொந்தரவு தரும், 1 மி.மீ. அளவு வட்டத்தில் பெரும்பாலோருக்குத் தெரியவே தெரியாது. ஆகவே பலருக்குக் குறைந்த பெருக்க ஐபீஸுக்கு மட்டும் கண்ணாடி தேவைப்படும். கண்ணாடியோடு பார்க்க 15 மி.மீ. குறைந்தபட்சம், 18 முதல் 20 மி.மீ. இருந்தால் நிம்மதி.

பெயர்களைப் பார்த்து மிரள வேண்டாம்

ஐபீஸின் மேல் எச் என்று குறித்திருந்தால் ஹைகன்ஸ், 17ஆம் நூற்றாண்டு வடிவமைப்பு, இரண்டே லென்ஸ். மலிவுக் கருவிகளோடு வரும், எஸ்ஆர் என்று குறித்த 4 மி.மீ.யும் இதற்கு ஒன்றும் மேலில்லை. கெல்னர் 1849இல் வந்தது, மூன்று லென்ஸ். குறைந்த பெருக்கத்துக்குப் பழுதில்லை. வியன்னாவைச் சேர்ந்த கியார்க் சைமன் ப்ளாசல் 1860இல் உருவாக்கிய நான்கு லென்ஸ் அமைப்புதான் இன்றும் புதியவர்களுக்கு நான் முதலில் சொல்வது. நடுவில் கூர்மை, ஓரத்திலும் மோசமில்லை, விலையும் அடக்கம். அப்பல்லோ நிலவு ஓடத்தின் பயிற்சிக் கருவிக்கு ஒளியியல் வடிவமைத்த அல் நாக்லர் 1977இல் டெலிவியூ நிறுவனத்தைத் தொடங்கி, 82 பாகை ஐபீஸைப் பொழுதுபோக்கு வானியலுக்குக் கொண்டுவந்தார். விண்கலத்தின் சுவரே இல்லாமல் வெளியே மிதப்பது போன்ற காட்சி என்று அதைப் புகழ்வார்கள். ஒருமுறை அப்படிப்பட்ட ஐபீஸில் பார்த்துவிட்டால் கைச் செலவு கூடும், எச்சரிக்கை.

அகலக் கோண ஐபீஸ் வாங்கும்போது எஃப் எண்ணை நினைவில் வையுங்கள். எஃப்/10 கருவியில் ஒளி ஒடுங்கிய கூம்பாக வரும். மலிவான அகலக் கோண ஐபீஸும் சமாளித்துவிடும். எஃப்/5, எஃப்/4 கருவிகளில் கூம்பு விரிந்து வருவதால் அதே ஐபீஸின் ஓரத்தில் விண்மீன்கள் பறக்கும் பறவைகள் மாதிரி சிறகு விரித்து நிற்கும். அதிகக் காசு கொடுத்து வாங்குவது பெரும்பாலும் அந்த ஓரத்தைத்தான். கோள்களை நடுவில் வைத்து மட்டும் பார்ப்பவருக்கு அது தேவையே இல்லாமல் போகலாம்.

பார்லோவும் ஜூமும்

பார்லோ லென்ஸ் என்பது ஐபீஸுக்கு முன்னால் செருகும் குழிலென்ஸ் குழல். 2 மடங்கு பார்லோ 25 மி.மீ.யை 12.5 ஆக்கும், 10 மி.மீ.யை 5 ஆக்கும். இரண்டு ஐபீஸ் நான்காகிவிடுகிறது. நீளமான ஐபீஸின் வசதியான ஐ ரிலீஃபும் குறையாது. ஆனால் வாங்குமுன் பெருக்கல் கணக்கைப் போட்டுப் பாருங்கள்: 20, 10 இரண்டும் வைத்திருப்பவர் 2 மடங்கு பார்லோ வாங்கினால் 10 இரண்டு முறை வரும், கையில் மிஞ்சுவது ஒரே ஒரு புதிய பெருக்கம்.

8 முதல் 24 மி.மீ. வரை திருகி மாற்றும் ஜூம் ஐபீஸ் ஒன்று வாங்கினால் எல்லாம் முடிந்தது என்று சொல்பவர்களும் உண்டு. பாதி உண்மை. 24 மி.மீ. முனையில் காட்சிக் கோணம் 40 பாகை அளவுக்குச் சுருங்கிவிடும். அகலம் மிக வேண்டிய இடத்தில்தான் அகலம் இருக்காது. ஆனாலும் எனக்கு ஜூம் பிடிக்கும். இன்றைய காற்றுக்கு எந்தப் பெருக்கம் ஒத்துவரும் என்று திருகிக்கொண்டே கண்டுபிடிக்கலாம். பரந்த காட்சிக்கு ஒரு ஐபீஸ், கூட ஒரு ஜூம் என்று பல வருடம் ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள்.

சரி, எதை வாங்குவது?

முதல் ஒரு மாதம் எதையும் வாங்காதீர்கள். பெட்டியோடு வந்ததை வைத்தே பாருங்கள். எந்தப் பொருளுக்கு எதைப் போட்டீர்கள், எப்போது இன்னும் கொஞ்சம் பெரிதாக இருந்தால் தேவலை என்று தோன்றியது, எப்போது ஓரம் இடித்தது என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். பெரும்பாலும் 25 மி.மீ. பரவாயில்லை ரகம், உடன் வரும் 10 மி.மீ.தான் முதலில் மாற்ற வேண்டியது.

மொத்தத்தில் மூன்று போதும்: ஒன்று தேடவும் பரந்து பார்க்கவும், ஒன்று நடுத்தரம், ஒன்று கோள்களுக்கு. 70 மி.மீ. விட்டமும் 700 மி.மீ. குவியத் தூரமும் உள்ள கருவிக்கு 32, 15, 7 மி.மீ.; பெருக்கம் 22, 47, 100. 130, 650 கருவிக்கு 25, 12, 5 மி.மீ.; கடைசியது 130 மடங்கு தரும். 200, 1200 டாப்சோனியனுக்கு 2 அங்குலத்தில் 68 பாகையுள்ள 30 மி.மீ. ஒன்று, அப்புறம் 14 அல்லது 15, கடைசியாக 8 மி.மீ.; காற்று நன்றாக இருக்கும் இரவுகளுக்கு 6 மி.மீ. பின்னால் சேர்த்துக்கொள்ளலாம். 2000 மி.மீ. குவியத் தூரமுள்ள 8 அங்குல ஷ்மிட் கேஸக்ரெய்னுக்கு (ஆடியும் லென்ஸும் சேர்ந்த, குட்டைக் குழல் தொலைநோக்கி) 32, 18, 10 மி.மீ. போதும், 8 மி.மீ.க்குக் கீழே ஏறக்குறைய ஒன்றும் வேண்டாம். இந்த எண்களில் ஒன்றிரண்டு மி.மீ. முன்னே பின்னே இருந்தால் குடி முழுகிவிடாது.

2 அங்குல ஐபீஸ் சில அரைக் கிலோவைத் தாண்டும். சின்ன டாப்சோனியனின் மூக்கு அந்த எடையில் தானாகக் கீழே சாயும். எடையையும் கேட்டுவிட்டு வாங்குங்கள். அலுமினியப் பெட்டிக்குள் ஆறேழு ஐபீஸும் வண்ண வடிகட்டிகளும் அடுக்கி வைத்த தொகுப்பு பார்க்க அழகாக இருக்கும். அதில் பாதி உங்கள் கருவிக்குப் பொருந்தாது. அதே பணத்துக்கு நல்லதாக இரண்டு வாங்கலாம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். பழைய தொலைநோக்கிகளோடு ஐபீஸில் திருகும் சூரிய வடிகட்டி வந்ததுண்டு. குவிந்த வெப்பத்தில் அது வெடித்தால் ஒரு நொடியில் கண் போய்விடும். கையில் இருந்தால் உடைத்துக் குப்பையில் போடுங்கள். சூரியனைப் பார்க்கும் வடிகட்டி தொலைநோக்கியின் முன்வாயைத்தான் மூட வேண்டும்.

புதிய ஐபீஸ் வந்த இரவில் உடனே குறை சொல்லத் தொடங்காதீர்கள். தொலைநோக்கியை அரைமணி நேரமாவது வெளியே வைத்து ஆறவிடுங்கள், ஆடிகள் நேராக இருக்கின்றனவா என்று சரிபாருங்கள். பிறகு பிரகாசமான விண்மீன் ஒன்றை நடுவில் கூர்மையாக்கி, மெல்ல ஓரத்துக்கு நகர்த்துங்கள். ஓரத்தில் மங்கி, ஃபோகஸரைத் திருகினால் மறுபடி புள்ளியானால் அது பிம்பத்தின் வளைவு. திருகியும் சிறகு விரித்தே நின்றால் ஐபீஸின் குறை. வால் முளைத்த விண்மீன் மாதிரி ஒரே பக்கம் விசிறினால், ஐபீஸைத் திட்ட வேண்டாம். குறைந்த எஃப் எண்ணுள்ள குழியாடியின் இயல்பு அது.

தூசு தெரிந்தால் சட்டை நுனியால் துடைக்காதீர்கள். காற்று ஊதும் ரப்பர் பந்து போதும். ஒன்றிரண்டு தூசு காட்சியைக் கெடுக்காது. பனி படிந்திருந்தால் மூடியைப் போடாமல் காயவிட்டு, பிறகு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பெட்டியில் வையுங்கள். பழையதை இன்னொருவரிடம் வாங்கும்போது லென்ஸுக்குப் பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே சிலந்திவலை போலக் கிளை பரப்பிய பூஞ்சை தெரிந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். வெளிப்பூச்சில் ஒரு சின்னக் கீறல் மட்டும் இருந்தால், அதைச் சொல்லியே விலையைக் குறைத்து வாங்கிக்கொள்ளலாம்.